ஆலையின் இளைய உறுப்பினர்

மதுபான ஆலையில் அவளை எல்லோரும் ‘நாக்கு’ என்றுதான் கூப்பிட்டார்கள். வசவுக்காக வைத்த பெயரில்லை, அது பதவி. அங்கே காய்ச்சி, வடித்து, பீப்பாயில் ஊறப்போட்டு எடுக்கிற எந்தச் சரக்கும் அவள் வாயைத் தாண்டாமல் பாட்டிலுக்குள் போகாது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பாள். சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் வருவதை முகர்ந்து பார்த்து, வாயில் ஊற்றி உருட்டி, எஃகுத் தொட்டியில் துப்புவாள். பிறகு, “இது சரி”, “இதுல மரவாசனை தூக்கல்”, “இதை எந்தப் புண்ணியவான் காய்ச்சினான்?” என்று தீர்ப்பு சொல்வாள். சில வகைகளை விழுங்கித்தான் பார்க்க வேண்டும். தொண்டையில் இறங்கும்போது எரிகிறதா, வழுக்குகிறதா என்பது துப்பினால் தெரியாது.

வீட்டில் அவள் சோடாகூடக் குடிப்பதில்லை. நாள் முழுக்கச் செருப்பு விற்கிறவன் சாயங்காலம் செருப்பைப் பார்த்தா பூரிப்பான்? அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற ஜாதி. கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. இனி இல்லை என்று இருவரும் தனித்தனியாக முடிவு கட்டி, மற்றவர் மனது புண்படுமே என்று வெளியே சொல்லாமல் இருந்தார்கள்.

ஒருநாள் காலை நாக்குக்கு எல்லாச் சரக்கும் துருப்பிடித்த ஆணி மாதிரி இருந்தது. ஒன்று விடாமல் தள்ளுபடி செய்தாள். ஆலையே அல்லோலகல்லோலப்பட்டது. பீப்பாய்களைத் திறந்து பார்த்தார்கள், குழாய்களைக் கழற்றினார்கள், தண்ணீர்த் தொட்டியில் ஆளை இறக்கினார்கள். கோளாறு எங்கும் அகப்படவில்லை. மறுநாள் காலை அவள் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, கணவன்தான் முதலில் சந்தேகப்பட்டான்.

“ஏம்மா, கோளாறு ஆலையில இல்லையோ?”

அவன் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா ஒல்லியானவர், அதட்டலாகப் பேசுகிறவர். பரிசோதித்துவிட்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“என்ன வேலை பார்க்கறீங்க?”

“ருசி பார்க்கறேங்க.”

“சமையலா?”

“சாராயம்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“துப்பிடுவேங்க,” என்றாள் நாக்கு அவசரமாக. “சிலதை மட்டும்தான் விழுங்கறது. அதுவும் கொஞ்சமாத்தான்.”

“துப்பறதுக்கு முன்னாடி வாயிலதானே இருக்கு? அங்கேயே கொஞ்சம் ரத்தத்துல சேர்ந்துடும். விழுங்கறது தனிக் கணக்கு. எவ்வளவு கொஞ்சமா இருந்தா பரவாயில்லன்னு எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்வாங்கல்ல? அதைத்தான் நானும் சொல்றேன். ஒரு சொட்டு வேண்டாம்.”

“கொஞ்சம்கூடவா?”

“நீங்க குடிச்சா தொப்புள்கொடி வழியா அதுவும் குடிக்குது. உங்க ஈரல் வளர்ந்த ஈரல், முறிச்சுப் போட்டுடும். அதுக்கு ஈரல் இப்பத்தான் முளைச்சுட்டிருக்கு. மூளையும் அப்படித்தான். இதுல ஒரு வேதனை என்னன்னா, சில குழந்தைங்க பிறக்கறப்போ பார்க்க நல்லாத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் போனப்புறம், சொன்னது மனசுல நிக்கலை, ஒரு இடத்துல உட்காரலை, கணக்கு ஏறலைன்னு வீட்டுலயும் அடி, அங்கேயும் அடி. அடிச்சுச் சரியாகிற விஷயமா அது? எங்கருந்து வந்ததுன்னே யாருக்கும் தெரியாது.”

நாக்கு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வாரமாக, தெரியாமல், தினமும் கிண்ணம் கிண்ணமாக.

“அப்போ இதுவரைக்கும் குடிச்சது?” என்று கேட்டாள்.

டாக்டரம்மாவின் அதட்டல் கொஞ்சம் இறங்கியது. “அதை நான் திருப்பி எடுக்க முடியாதும்மா. குடிச்ச எல்லாருக்கும் பாதிப்பு வந்துடும்னும் கிடையாது. இன்னைக்கு நிறுத்தினா இன்னைலருந்து அதுக்கு நல்லது. எப்ப நிறுத்தினாலும் நல்லதுதான். பிறந்தப்புறம் என்கிட்ட எதையும் மறைக்காதீங்க. கூடவே இருந்து பார்த்துக்கலாம்.”

லிஃப்ட் மெக்கானிக் தொண்டையைச் செருமினான். “லிஃப்ட்ல பாரம் அதிகமானா மணி அடிக்குங்க. இதுக்கு அப்படி ஏதும் இல்லையா?”

“இல்ல. அதனாலதான் நான் அடிக்கிறேன்.”

மறுநாள் நாக்கு பொது மேலாளரின் அறைக்குப் போய், ருசி பார்க்கிற வேலை வேண்டாம், குழந்தை பிறக்கிற வரைக்கும் வேறு எதுவானாலும் செய்கிறேன் என்றாள். பொது மேலாளர் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார். வாழ்த்திவிட்டு உட்காருவதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. ஆலையின் பொன்விழாச் சரக்கு பீப்பாயில் அவள் தீர்ப்புக்குக் காத்துக்கொண்டிருந்தது.

“நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும்மா. அந்த நாக்கு உங்களோடது இல்ல. அது ஆலையோட சொத்து. அதுக்குக் காப்பீடு செஞ்சிருக்கோம்.”

“வயித்துல இருக்கறது என்னோடது சார்.”

“அதை நாங்க மறுக்கலையே!” என்றார் அவர் பெருந்தன்மையாக. “டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. டாக்டருங்க பேச்சைக் கேட்டா நாம இந்த ஆலையை நடத்தறோம்? கர்ப்பிணிக்குச் சிவப்பு ஒயின் ரத்தம் ஊற வைக்கும்னு சொல்றாங்களே, கேள்விப்பட்டதில்லையா?”

“யார் சார் சொல்றாங்க?”

“நம்ம விளம்பரத்துல.”

இருந்தாலும் அவர் சட்டதிட்டம் தெரிந்தவர். இப்படிப்பட்ட விஷயங்களைக் கவனிக்கவென்றே ஆலையில் தாய்சேய் நலப் பிரிவு இருக்கிறது, அங்கே போய்ப் பேசுங்கள் என்று மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்.

அந்தப் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பொரு சமயம், தாய்மார்களைப் பற்றி இந்த ஆலைக்கு அக்கறை உண்டா என்று ஒரு பத்திரிகையில் யாரோ கேட்டுவிட்டார்கள். அக்கறை உடனே ஏற்படுத்தப்பட்டது. அதற்கு ஓர் அறை, ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு தலைவர். அவர் அதற்கு முன்னால் தீயணைப்புப் பிரிவில் இருந்தவர். அவர் காலத்தில் தீயே பிடிக்காததால் திறமைசாலி என்று பெயரெடுத்திருந்தார். அறைச் சுவரில், ‘தாய்மையைப் போற்றுவோம், அளவோடு’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. மேசைமேல் பிளாஸ்டரில் செய்த கருப்பை மாதிரி ஒன்று. அதற்குள் டீக்குப் போடுகிற சர்க்கரைப் பொட்டலங்களை வைத்திருந்தார்கள்.

நாக்கு விஷயத்தைச் சொன்னதும் நலப் பிரிவுத் தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“நிஜமாவே கர்ப்பமா?”

“ஆமாங்க.”

“இங்கேயே இருங்க, எங்கேயும் போயிடாதீங்க.” வெளியே ஓடிப்போய் அந்த மாடியில் இருந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிரிவு தொடங்கிய நாள்முதல் ஒரு கர்ப்பிணியும் அங்கே வந்ததில்லை. எல்லோரும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அவளுக்கு நாற்காலி போட்டார், இன்னொருவர் கருப்பைக்குள்ளிருந்து சர்க்கரை எடுத்து டீ கலந்து கொடுத்தார்.

“சொல்லுங்கம்மா. இந்தப் பிரிவு உங்களுக்கு என்ன செய்யணும்?”

“நான் குடிக்காம இருக்கணும்ங்க. அவ்வளவுதான்.”

தலைவரின் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. “அது நம்ம பிரிவுல வராதும்மா. நாங்க விழிப்புணர்வு. குடிக்கறது, குடிக்காம இருக்கறது இரண்டும் உற்பத்திப் பிரிவு. பொது மேலாளரைத்தான் பார்க்கணும்.”

“அவர்தாங்க இங்க அனுப்பினார்.”

“அப்போ சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. உங்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுத்துடலாம்.”

நாக்கு வேண்டாம் என்றாள். விழாவை வேண்டாமென்று சொல்கிற வழி அந்த ஆலையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. விழா நாள் வரைக்கும் விடுப்பு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். ‘விழாவுக்கு அப்புறம் பேசிக்கலாம்’ என்பதைத் தவிர ஆலையிலிருந்து அவளுக்கு எந்தப் பதிலும் வரவில்லை.

விழா ஆலையின் பெரிய கூடத்தில் நடந்தது. தலைவரே வந்திருந்தார், ஆலைக்கெல்லாம் தலைவர். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு பேசுகிற பழக்கம் அவருக்கு. கழற்றினால் உருக்கம், மாட்டினால் உறுதி என்று ஊழியர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

“தாயின் வயிற்றில் இருப்பது யார்?” என்று கண்ணாடியைக் கழற்றினார். “அதுவும் நம்மில் ஒருவர் அல்லவா? பிறக்கவில்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்குவதா? இந்த ஆலை யாரையும் ஒதுக்கியதில்லை. பிறக்காதவர்களையும் நாம் வாடிக்கையாளராக, மன்னிக்கவும், வாரிசாகத்தான் பார்க்கிறோம்.” கண்ணாடியை மாட்டினார். “ஆகவே அறிவிக்கிறேன். இந்தக் குழந்தை இந்த நிமிடம் முதல் நம் ஆலையின் இளைய உறுப்பினர். மற்ற உறுப்பினர்களுக்கு உள்ள எல்லா உரிமைகளும், எல்லாக் கடமைகளும் இதற்கும் உண்டு!”

கைதட்டலுக்கு நடுவே, நலப் பிரிவுத் தலைவர் ‘இளைய உறுப்பினர்’ என்று பொறித்த பித்தளை வில்லை ஒன்றை நாக்கின் சட்டையில் வயிற்றுக்கு நேராகக் குத்தினார். புகைப்படம் எடுத்தார்கள். பிறகு, பீப்பாயிலிருந்து நேரே ஊற்றிய கோப்பைகள் தட்டில் வந்தன. பொன்விழாச் சரக்கு. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நாக்கின் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள்.

“இளைய உறுப்பினரின் ஆரோக்கியத்துக்காக!” என்றார் தலைவர்.

நாக்கு கோப்பையைப் பார்த்தாள். முகராமலே அவளுக்குத் தெரிந்தது, நல்ல சரக்குதான். அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள்.

“எனக்கு வேண்டாங்க.”

தூக்கிய கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. நலப் பிரிவுத் தலைவர் அவள் காதருகே குனிந்தார். “சும்மா உதட்டுல வெச்சு எடும்மா. தாய்சேய் நலத்துக்காகத்தானே குடிக்கறோம்!”

“அதுக்காகத்தான் வேண்டாங்கறேன்.”

அவள் உதடு துடிப்பதை முன்வரிசையில் இருந்த லிஃப்ட் மெக்கானிக் பார்த்தான். அவன் பயந்த சுபாவம். மேடை ஏறிப் பழக்கமில்லை. ஆனால் ஏறினான். “அவளுக்குப் பதிலா நான்,” என்று சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கோப்பையை ஒரே மூச்சில் கவிழ்த்தான். மனைவியைத் தப்பிக்க வைத்தாயிற்று என்று திரும்பினான். படிக்கட்டு இருந்த இடத்தில் இல்லை. அங்கே ஒலிவாங்கிதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

“ஐயா,” என்றான். கூடம் முழுக்க எதிரொலித்தது. “லிஃப்ட் எப்படி மேல போகுதுன்னு உங்க யாருக்காச்சும் தெரியுமா? தெரியாது. ஏறி நின்னா போகுதுன்னு நினைச்சிட்டிருக்கீங்க. நீங்க மேல போகும்போது பின்னாடி சுவத்துக்குள்ள ஒரு எடைக்கல் கீழ இறங்குது ஐயா. யார் கண்ணுக்கும் தெரியாது. இப்போ நீங்க எல்லாரும் ஜோரா மேல போயிட்டிருக்கீங்க. நல்லா இருங்க. கீழ இறங்கற கல்லு யாரு? என் புள்ளையா?”

அதற்குமேல் அவனால் முடியவில்லை. தலைவருக்குப் போட்டிருந்த சோபாவில் போய் உட்கார்ந்து தூங்கிவிட்டான். அவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த இரண்டு நாள் அவன் எந்த லிஃப்டிலும் ஏறவில்லை, படியிலேயே போய் வந்தான்.

நாக்குக்கு விசாரணை ஓலை வந்தது. பொது மேடையில் ஆலையின் தயாரிப்பைக் குடிக்க மறுத்து அதன் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தது குற்றம். விசாரணை அறையில் பொது மேலாளரும் நலப் பிரிவுத் தலைவரும் சட்ட அதிகாரியும் இருந்தார்கள். சட்ட அதிகாரி ஒரு வார்த்தையை வெளியே விடுவதற்கு முன் அதை உள்ளுக்குள் மூன்று முறை திருப்பிப் பார்க்கிறவர். அவர் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை, சிரிப்பு எந்தப் பிரிவின் கீழ் வரும் என்று தெரியாததால் இருக்கலாம்.

வேலை போய்விடும் என்று நாக்கு முதல் நாளே அழுது முடித்திருந்தாள். “போனா போகட்டும்மா, நான் ஒருத்தன் சம்பாதிக்கிறது போதும்,” என்று கணவன் சொல்லி அனுப்பியிருந்தான். அவன் குரலில் இருந்த நடுக்கம் தலைவலியால் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“சம்பவத்தன்று மேடையில் இரண்டு உறுப்பினர்கள் இருந்திருக்கிறீர்கள்,” என்று ஆரம்பித்தார் சட்ட அதிகாரி. “நீங்கள் ஒருவர். இளைய உறுப்பினர் ஒருவர். மறுத்தது நீங்கள் மட்டுமா, அல்லது இருவருமா?”

நாக்கு திருதிருவென்று விழித்தாள். “நான் குடிச்சா அதுவும் குடிக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதனால ரெண்டு பேருமேன்னு வெச்சுக்கலாங்க.”

“குறித்துக்கொள்கிறேன். அவரும் குடிப்பார் என்கிறீர்கள்.”

“ஆமாங்க.”

“நம் தயாரிப்பையேவா?”

“நான் எதைக் குடிச்சாலும் அதேதாங்க. என் ரத்தத்துல ஏறுற அளவுக்கு அதோட ரத்தத்துலயும் ஏறுமாம்.”

“குறித்துக்கொள்கிறேன். அவருடைய வயது?”

“இன்னும் ஆரம்பிக்கலீங்க.”

சட்ட அதிகாரி அதையும் குறிக்கப் போனார். பேனா பாதியில் நின்றது. அவர் தன் வார்த்தைகளை உள்ளுக்குள் மூன்று முறை திருப்பிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாவது முறை முடிந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“சார்,” என்றார் பொது மேலாளரிடம். பதற்றத்தில் அவருக்குப் பேச்சுத் தமிழ் வந்துவிட்டது. “வயசு ஆகாத ஒருத்தருக்கு இத்தனை வாரமா ருசி அறையில, நம்ம வளாகத்துக்குள்ளேயே, சரக்கு குடுத்திருக்கோம்.”

“யாருக்கு?”

“இளைய உறுப்பினருக்கு.”

“அது வயித்துக்குள்ள இருக்குய்யா!”

“வயிறு நம்ம வளாகத்துக்குள்ள இருந்திருக்கு சார். உரிமம் ரத்தாகிற குற்றம். குழந்தைன்னு நாம ஒத்துக்கலைன்னா தப்பிச்சிருக்கலாம். தலைவரே மேடையில உறுப்பினர்னு அறிவிச்சார். போட்டோ இருக்கு. போதாக்குறைக்கு, கோப்பையை வேற நீட்டியிருக்கோம்.”

“உறுப்பினர் இல்லைன்னு இப்ப அறிவிச்சுட்டா?”

“பிறக்காத குழந்தையை வேலையை விட்டுத் தூக்கினாங்கன்னு பத்திரிகையில வரும்.”

பொது மேலாளர் தண்ணீர் கேட்டார். நலப் பிரிவுத் தலைவர் மட்டும் இன்னும் புரியாமல், “அப்போ வில்லையைத் திரும்ப வாங்கிடலாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலையை இழக்க வந்த நாக்கு, அன்று மதியமே மாற்றல் உத்தரவோடு வெளியே வந்தாள். ருசி அறைப் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கக் கூடாது. பாட்டில் கழுவுகிற தண்ணீரைச் சோதிக்கிற இடத்தில் வேலை, அதே சம்பளம். முதல் நாள் அவள் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் அவள் கேட்டாள் என்பதற்காகக் கொடுக்கவில்லை.

ருசி பார்க்கிற பொறுப்பைப் பொது மேலாளரே ஏற்றுக்கொண்டார். எதையும் அவர் தள்ளுபடி செய்யவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவரைப் போய்ப் பார்த்தால் எந்த விண்ணப்பமும் நிறைவேறும் என்று ஊழியர்கள் சீக்கிரத்தில் கண்டுகொண்டார்கள்.

விஷயம் அத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்ட அதிகாரிக்குத் தூக்கம் போய்விட்டது. இன்னும் எத்தனை இளைய உறுப்பினர்கள் தெரியாமல் உள்ளே வந்துபோகிறார்களோ? வாசலில் காவலுக்கு ஆள் போட்டு, உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தி, “உள்ள யாராவது இருக்காங்களா?” என்று கேட்கச் சொன்னார். ஓய்வு பெறப்போகிற துப்புரவு அம்மாவையும் கேட்டார்கள். “இருந்தா உனக்குத்தான்ப்பா முதல்ல சொல்லி அனுப்புவேன்,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா துடைப்பத்தோடு போய்விட்டார். காவலாளிக்கு ஆண், பெண் பேதம் பார்க்க வேண்டாமென்று யாரோ உத்தரவு போட, தொந்தி பெருத்த விற்பனை மேலாளர் ஒருநாள் முழுக்க வாசலிலேயே நின்றார். அவருக்குள் யாரும் இல்லை என்பதற்கு அவர் மனைவி வந்து எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது.

சிரித்தார்கள். ஆனால் ‘இருக்கு’ என்று சொன்ன இரண்டு பெண்களை அந்த வாசலிலிருந்தே சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள், குழந்தை பிறந்தபிறகு வந்தால் போதுமென்று. அதன்பிறகு ஆலையில் யாருமே கர்ப்பமாகவில்லை. அதாவது, யாருமே சொல்லவில்லை. ஊழியர்களுக்கு மாதாமாதம் ஆலை இலவசமாகத் தருகிற பாட்டில்களை எல்லோரையும்போல வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்காவிட்டால் காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிடும். ‘கர்ப்பிணிகளே இல்லாத ஆலை’ என்று நலப் பிரிவுத் தலைவர் அதற்கு விருதும் வாங்கினார்.

நாக்குக்குப் பெண் குழந்தை பிறந்தது. டாக்டரம்மா அதைத் தலைமுதல் கால்வரை புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இதயத்தைக் கேட்டார், தலையை அளந்தார், முகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். லிஃப்ட் மெக்கானிக்கும் கூடவே குனிந்து குனிந்து பார்த்தான்.

“இப்போதைக்கு எனக்கு எந்தக் குறையும் தெரியலை. இப்போதைக்குன்னுதான் சொல்வேன். அது வளர வளர நானும் பார்ப்பேன். சொல்ற நாள்ல தவறாம கூட்டிட்டு வாங்க. ஏதாவது தட்டுப்பட்டா சீக்கிரமே கையைக் குடுத்துத் தூக்கிடலாம். சரியா?”

“சரிங்க,” என்றாள் நாக்கு. முழு நிம்மதி இல்லைதான். இருந்தாலும் அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். அவன், பாவம், எதற்கென்று தெரியாமலே அவளோடு சேர்ந்து அழுதான்.

குழந்தைக்குக் கழுத்து நின்ற சமயத்தில் ஆலை ஒரு மாபெரும் விழிப்புணர்வு மாநாடு நடத்தியது. கர்ப்பகாலத்தில் மது என்பதுதான் தலைப்பு. எல்லாப் பெண் ஊழியர்களும் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. இளைய உறுப்பினரையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். நாக்கு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தாள்.

தலைவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து கண்ணாடியைக் கழற்றினார். “கர்ப்பிணிகள் ஒரு துளியும் குடிக்கக் கூடாது என்பதை உலகுக்கு முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்னது நம் ஆலைதான்...”

குழந்தை வீறிட்டு அழுதது.

தலைவர் சற்று நிறுத்தி, மறுபடி “நம் ஆலைதான்” என்றார். குழந்தை இன்னும் உச்சத்துக்குப் போனது. நலப் பிரிவுத் தலைவர் கையால் சைகை காட்ட, நாக்கு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் பெண்களின் கழிவறைக்குப் போனாள். துணி மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கை கழுவும் மேடைமேல் துண்டை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள்.

கதவு திறந்தது. பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற பெண் உள்ளே வந்தாள், சின்ன வயசு. யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு கதவாகக் குனிந்து பார்த்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினாள்.

“அக்கா, எனக்குத் தள்ளிப்போயிருக்கு. யார்கிட்டயும் சொல்லலை. வீட்டுல அவரும் நானும் சாயங்காலம் உட்கார்ந்து... தெரியாமத்தான்க்கா. தெரிஞ்சப்புறமும் இரண்டு தடவை. போச்சாக்கா? என் குழந்தை போச்சா?”

நாக்கு அவளைப் பார்த்தாள். இதே கேள்வியைத் தான் கேட்டபோது கைகள் எப்படிச் சில்லிட்டன என்பது நினைவிருந்தது. அவள் கையைப் பிடித்தாள், சில்லென்றுதான் இருந்தது.

“போகலைடி. இரு.” கைபேசியை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். குழந்தையை ஒரு கையால் பிடித்திருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டு, சோப்பு வைக்கிற இடத்தில் வைத்தாள்.

டாக்டரம்மாவின் அதட்டல் கழிவறை முழுக்கக் கணீரென்று கேட்டது. “குழாயை மூடு முதல்ல. ஆங். எவ்வளவு குடிப்பே, எத்தனை நாளைக்கு ஒருதரம்? நான் திட்ட மாட்டேன், உள்ளதைச் சொல்லு.”

பெண் சொன்னாள். டாக்டரம்மா கேட்டார், திட்டவில்லை.

“இன்னைலருந்து வேண்டாம். உன் வீட்டுக்காரரையும் கொஞ்ச நாளைக்கு உன் எதிர்ல குடிக்க வேண்டாம்னு சொல்லு. சாயங்காலம் என்கிட்ட வா. சாப்பிட்டுட்டு வா, வெறும் வயித்தோட அழுதுட்டு வராதே.”

கதவு மறுபடி திறந்தது. மூடி போடும் இயந்திரத்தில் வேலை செய்கிற ஒருத்தி. அவள் பின்னால் கணக்குப் பிரிவிலிருந்து ஒருத்தி. கூடத்தில் கழிவறை, கழிவறை என்று காதுக்குக் காது போயிருக்க வேண்டும். ஒருத்தி, தன் மாமியார் பால் ஊற பீர் குடிக்கச் சொல்வதாகச் சொன்னாள். “ஊறாது. மாமியாரை என்கிட்ட பேசச் சொல்லு,” என்றார் டாக்டரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போது, ஓரமாக நின்ற ஒரு பெண், காலையில் குடிக்காவிட்டால் தனக்குக் கை நடுங்குகிறது என்று மெல்லச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

“நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்கம்மா, அது ஆபத்து,” என்றது கைபேசி. “இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. மருந்து குடுத்து, பக்கத்துல இருந்து நிறுத்தலாம். முடியும். நான் பார்த்திருக்கேன். யாராவது ஒருத்தர் இவங்க கூட வாங்க.”

“நான் போறேன்,” என்றார் துடைப்பத்தோடு கதவருகே வந்து நின்ற துப்புரவு அம்மா.

கூடத்தில் தலைவர் உச்சகட்டத்தில் இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே பெண்கள் பகுதியில் ஒரு நாற்காலியிலும் ஆளில்லை. ஒரு கணம் திகைத்தார். பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார்.

“பாருங்கள்,” என்றார் தழுதழுத்து. “நம் பெண்கள் உணர்ச்சி தாங்க முடியாமல், ஒருவர் விடாமல், முகம் கழுவப் போய்விட்டார்கள். ஒரு பேச்சுக்கு இதைவிட என்ன வெற்றி வேண்டும்?”

ஆண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மதியத்துக்கு மேலாகிவிட்டதால் பொது மேலாளர்தான் எல்லோரையும்விட நீண்ட நேரம் தட்டினார்.

அந்தச் சத்தம் கழிவறை வரை கேட்டது. லேபிள் ஒட்டும் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தன்னிடம் ஒரு நிமிஷம் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள். வரிசை கதவைத் தாண்டி நடைவழி வரைக்கும் வந்திருந்தது. முன்னால் நின்றவள் கைபேசியைப் பார்த்தாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், வாயைத் திறக்காமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“அடுத்து யாரு? சொல்லும்மா,” என்றது டாக்டரம்மாவின் குரல், வழக்கமான அதட்டல் இல்லாமல். “கூச்சப்படாதே. நீ யாருன்னு நான் கேட்கவே இல்லையே. எனக்கு இங்கேருந்து உன் முகமும் தெரியாது.”